'தோணுச்சு'ன்னா சும்மா தோணலைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க விளையாட்டுப் பக்கத்துல வந்த ஒரு கட்டுரையைப் படிச்சுட்டு ரெண்டு நாளா புலம்பிட்டே இருந்தேன், வீட்டுல கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போய் 'எங்ககிட்ட சொல்லி என்ன பண்றது, பேப்பருக்கே எழுதிப் போடுங்க'ன்னு சொல்லிட்டாங்க, அதான் எழுதுறேன். கடைசி ஓவரை யாருக்குக் கொடுக்குறதுன்னு ஒரு கேப்டன் எடுத்த முடிவை 'புத்தியில்லாத முடிவு'ன்னு தலைப்பு போட்டு கிழிச்சிருந்தீங்க. எந்த மேட்ச், எந்த கேப்டன்னு நான் சொல்லப் போறதில்ல, சொன்னா அந்த ரசிகர் இந்த ரசிகர்னு சண்டை வேற பக்கம் போயிரும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தக் கடைசி சிக்ஸ் ரெண்டடி உள்ள விழுந்து கேட்ச் ஆகியிருந்தா உங்க தலைப்பு என்னவா இருந்திருக்கும்? 'துணிச்சலான முடிவு'ன்னுதானே போட்டிருப்பீங்க? பந்து விழுந்த இடம்தான் மாறியிருக்கும், அவர் யோசிச்சது என்னமோ அதேதான்.

நான் பெரிய விமர்சகர் ஒண்ணும் கிடையாது. 20 வருஷத்துக்கு மேல ஸ்கூல் பசங்களுக்கு வாலிபால் சொல்லிக் கொடுத்தவன், அதுக்கு முன்னாடி நானும் ஆடினவன், முட்டி போனதால இப்போ ஓரமா உக்காந்து பாக்குறவன். அதனால அவசரத்துல முடிவு எடுக்குறதுன்னா என்னன்னு கொஞ்சம் தெரியும், அவசரத்துல தப்பு பண்றதுன்னா என்னன்னு நல்லாவே தெரியும்.

2007 டி20 உலகக் கோப்பை ஃபைனலை எடுத்துக்கோங்க. செப்டம்பர் 24, ஜோஹன்னஸ்பர்க். கடைசி ஓவர்ல பாகிஸ்தானுக்கு 13 ரன் வேணும், கையில ஒரே விக்கெட், ஆனா நிக்கிறது மிஸ்பா. ஹர்பஜனுக்கு ஒரு ஓவர் பாக்கி இருக்கு, ஆனா அவர் அதுக்கு முன்னாடி போட்ட ஓவர்ல மிஸ்பா 3 சிக்ஸ் வெச்சாச்சு. தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாகிட்ட கொடுக்குறார். முதல் பந்து வைடு. அடுத்தது டாட். அடுத்தது சிக்ஸ். இப்போ 4 பந்துல 6 ரன். இந்த இடத்துல ஆட்டத்தை நிறுத்தி உங்க நிருபர்கிட்ட தலைப்பு கேட்டிருந்தா என்ன எழுதிக் கொடுத்திருப்பார்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. அடுத்த பந்தை மிஸ்பா பின்பக்கமா தூக்கி விட, ஷார்ட் ஃபைன் லெக்ல ஸ்ரீசாந்த் கையில போய் விழுந்துச்சு, 5 ரன்ல கப்பு. அன்னைல இருந்து இன்னை வரைக்கும் அது 'தோனியோட மாஸ்டர் ஸ்ட்ரோக்'. நானும் அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான், இல்லைங்கல. ஆனா அந்த ஷாட் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா அவ்ளோ வருஷமும் அவரை 'ஜோகிந்தர் சர்மாவுக்கு ஓவர் கொடுத்த ஆளு'ன்னுதான் கூப்பிட்டிருப்போம்.

சரி, இந்த அவசரம்னு சொல்றோமே, அது எவ்ளோ அவசரம்னு முதல்ல பாக்கணும். 140 கிலோமீட்டர் வேகத்துல ஒருத்தர் போட்டா பந்து கையை விட்டதுல இருந்து பேட்டுக்கு வந்து சேர கிட்டத்தட்ட அரை செகண்ட். கண்ணுல பட்டு, மூளைக்குப் போய், கை அசையவே 0.2 செகண்ட் ஆயிரும். பெரிய பிளேயர்னா இந்த 0.2 குறையுமான்னு பாத்தா அதுவும் இல்ல. 1987-ல மெக்லியோட்னு ஒரு ஆராய்ச்சியாளர் பிட்ச்ல விரிக்கிற மேட் விரிப்புக்கு அடியில மரக்குச்சியை வெச்சு, பந்து எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியாத மாதிரி பண்ணி, நல்ல கிரிக்கெட் ஆடுற பேட்ஸ்மேன்களை ஆட விட்டுப் பாத்தார். பந்து திரும்பினதுக்கு அப்புறம் அவங்க பேட்டை மாத்திக்கவும் அதே 0.2 செகண்ட்தான் தேவைப்பட்டுச்சு. அப்படின்னா அவங்களுக்கும் நமக்கும் நரம்புல ஒண்ணும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஓட்டப்பந்தயத்துல பாருங்க, துப்பாக்கி சத்தம் கேட்டு 0.1 செகண்டுக்குள்ள கிளம்பினா ஃபால்ஸ் ஸ்டார்ட், ஏன்னா மனுஷனால அதுக்குள்ள சத்தத்தைக் கேட்டுக் கிளம்ப முடியாதுங்குறது அவங்க கணக்கு. 2022 உலக சாம்பியன்ஷிப் ஹர்டில்ஸ் ஃபைனல்ல டெவன் ஆலனை 0.099-க்கு வெளிய அனுப்பினாங்க, ஆயிரத்துல ஒரு பங்கு செகண்ட், பாவம். அது வேற கதை, விடுங்க.

அப்போ வித்தியாசம் எங்க இருக்குன்னா, பாக்குறதுலதான். அதே மெக்லியோடும் லேண்டுங்குறவரும் சேர்ந்து 2000-ல ஒரு வேலை பண்ணாங்க, மூணு தரத்துல மூணு பேட்ஸ்மேன்களைப் பிடிச்சு தலையில கேமரா மாட்டி, பந்து வரும்போது கண்ணு எங்க போகுதுன்னு பாத்தாங்க. பந்து வெளிய வர்ற இடத்தைக் கண்ணு பாக்குது, உடனே பந்தை விட்டுட்டு அது எங்க பிட்ச் ஆகப் போகுதோ அந்த இடத்துக்கு முன்னாடியே தாவிப் போய் உக்காந்துக்குது, அப்புறம் பிட்ச் ஆன பந்தை அங்கருந்து பிடிச்சுக்குது. நல்லா ஆடுறவர் கண்ணு மத்தவங்களைவிட சீக்கிரம் தாவுது. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு சிரிப்பு ஒரு பக்கம் வெக்கம் ஒரு பக்கம், ஏன்னா 'பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதடா'ன்னு கத்திக் கத்தியே தொண்டை போன ஆளு நான்.

மேட்ச் முடிஞ்சு 'எப்படித் தம்பி அங்க போட்ட?'ன்னு கேட்டா எந்தப் பையனும் சொல்ற பதில் ஒண்ணே ஒண்ணுதான். 'தெரியல சார், தோணுச்சு.' உங்க நிருபர்கள் மைக்கை நீட்டும்போதும் பெரிய பெரிய பிளேயர்களே அதைத்தான் சுத்தி வளைச்சுச் சொல்றாங்க. அதைக் கேட்டுட்டு நீங்க ஜெயிச்சா 'உள்ளுணர்வு'ன்னும் தோத்தா 'குருட்டாம்போக்கு'ன்னும் எழுதுறீங்க. ரெண்டுமே தப்பு. எதிர்ல அடிக்க எகிறுறவன் தோள் எந்தப் பக்கம் சாயுது, கடைசி ரெண்டு ஸ்டெப் நீளமா வெச்சானா குட்டையா வெச்சானா, இதெல்லாம் அந்தப் பையன் ஆயிரம் தடவை பாத்திருக்கான், அவனுக்கே தெரியாம உள்ள பதிஞ்சு கிடக்கு, ஆயிரத்தோராவது தடவை பாக்கும்போது விளக்கம் இல்லாம பதில் மட்டும் மேல வருது, அதுக்கு அவன் வெச்ச பேருதான் தோணுச்சு.

செஸ்லயும் இதே கதைதான். 1973-ல சேஸ், சைமன்னு ரெண்டு பேர், உண்மையான ஆட்டத்துல இருந்து ஒரு நிலையை எடுத்து 5 செகண்ட் மட்டும் காட்டிட்டு, காயெல்லாம் எங்க இருந்துச்சுன்னு திருப்பி அடுக்கச் சொன்னாங்க. மாஸ்டர் கடகடன்னு அடுக்கிட்டார், புதுசா ஆடுறவர் திணறிட்டார். அப்புறம் அதே காய்களை இஷ்டத்துக்குத் தாறுமாறா வெச்சுக் காட்டினாங்க, மாஸ்டரும் புது ஆளும் ஏறக்குறைய ஒரே கதியாயிட்டாங்க. ஞாபக சக்தி பெருசா இருந்து அடுக்கல, பாத்துப் பழகின உருவம் இருந்ததால அடுக்கினார்.

நான் இதை வெச்சு பசங்ககிட்ட ஒரு சின்ன வேலை பண்ணுவேன். பெரிய மேட்ச் வீடியோவை ஃபோன்ல போட்டு, அடிக்கிறவன் கை பந்தைத் தொடுறதுக்கு ஒரு நொடி முன்னாடி நிறுத்திட்டு 'எங்க போகும், விரலை நீட்டு'ம்பேன். ஆரம்பத்துல ஆளுக்கொரு திசை காட்டுவாங்க, ஒரே சிரிப்பா இருக்கும். ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே பக்கம் நீட்டுவாங்க, ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. நானும் வற்புறுத்திக் கேக்குறதில்ல. கேட்டா என்ன ஆகும்னு எனக்கு ஒரு ஃபைனல் சொல்லிக் கொடுத்துச்சு, அதைக் கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி தோனியோட இன்னொரு மேட்ச். 2016 மார்ச் 23, பெங்களூரு, டி20 உலகக் கோப்பையில வங்கதேசத்தோட. கடைசி ஓவர் ஹர்திக் பாண்டியா, 11 ரன் வேணும். முஷ்ஃபிகுர் ரெண்டு ஃபோர் அடிச்சு 3 பந்துல 2 ரன்னு கொண்டு வந்துட்டு அங்கயே கையை முறுக்கிக் கொண்டாடிட்டார், அடுத்த பந்துல தூக்கி அடிச்சு அவுட், அதுக்கடுத்த பந்துல மஹ்முதுல்லாவும் தூக்கி அடிச்சு அவுட். ஒரு சிங்கிள் எடுத்தா டை, ரெண்டு பேருமே சிக்ஸுக்குப் போனாங்க. அவசரத்துல புத்தி போறதுன்னா இதுதான்னு எல்லாரும் சொன்னோம், சரிதான், ஆனா நான் காட்ட நினைக்கிறது அது இல்ல. கடைசி பந்து, 2 ரன் வேணும். நெஹ்ரா, பாண்டியா, தோனி மூணு பேரும் நின்னு ரொம்ப நேரம் பேசுறாங்க. பேசி முடிச்சுட்டு ஸ்டம்புக்குப் பின்னாடி போன தோனி வலது கை கிளவுஸைக் கழட்டிடுறார். பந்து இன்னும் போடவே இல்லைங்க. பேட்ல படாம பின்னாடி வந்தா அவங்க எப்படியும் ஓடத்தான் போறாங்க, அப்போ கிளவுஸோட எறிஞ்சா குறி தப்பும், அதைக் கழட்டிட்டு நிக்கணும்னு அந்த மனுஷன் பந்துக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டார். பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய ஷார்ட்டா வந்துச்சு, பேட்ஸ்மேன் அடிக்கப் பாத்துத் தவற விட்டார், பந்து தோனி கைக்கு வந்துச்சு, முஸ்தஃபிசுர் அந்தப் பக்கத்துல இருந்து தலைதெறிக்க ஓடி வர்றார். தோனி எறியவும் இல்ல, பந்தைக் கையில வெச்சுட்டே ஸ்டம்புக்கு ஓடிப் போய்த் தட்டினார். ஒரு ரன்ல ஜெயிச்சோம். மறுநாள் எல்லாரும் அவர் ஓட்டத்தைப் பத்தியே எழுதினீங்க. ஓடினது ரெண்டு செகண்ட் விஷயம், கிளவுஸைக் கழட்டினதுதான் முடிவு. எறியறதுக்காகக் கழட்டினார், ஆனா ஓடினா இன்னும் நிச்சயம்னு அங்க கண்டதும் மாத்திக்கிட்டார் பாருங்க, அந்த மாத்திக்கிற இடம்தான் எனக்கு இன்னைக்கும் புல்லரிக்குது.

கோச் எடுக்குற முடிவும் முக்காவாசி இப்படி முன்னாடியே எடுத்து வெச்சதுதான். 2014 ஃபுட்பால் உலகக் கோப்பை காலிறுதி, நெதர்லாந்து - கோஸ்டா ரிகா. எக்ஸ்ட்ரா டைம் முடியப் போற நேரத்துல நெதர்லாந்து கோச் வான் ஹால் கோல்கீப்பரை மாத்தி டிம் க்ருல்லை இறக்கினார், பெனால்டிக்காக மட்டும். பாத்தவங்க எல்லாரும் இவருக்கு என்ன பைத்தியமான்னு கேட்டாங்க. க்ருல்கிட்ட மேட்சுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க. அஞ்சு பெனால்டிக்கும் சரியான பக்கம் பாஞ்சார், ரெண்டைத் தடுத்தார். அடுத்த மேட்ச் அர்ஜென்டினாவோட செமிஃபைனல், மறுபடியும் பெனால்டி, ஆனா வான் ஹால் ஆள் மாத்துறதுக்கு இருந்த மூணு வாய்ப்பையும் அதுக்குள்ள பயன்படுத்திட்டார், க்ருல் பெஞ்சுல உக்காந்து பாத்தார், தோத்துட்டாங்க. அதே கோச், ஒரு வாரம்கூட ஆகல. முதல்ல மேதைன்னு எழுதின பேனா ரெண்டாவதுக்கு என்ன எழுதுச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல, ஊகிக்க முடியுது.

இப்போ என் ஃபைனல். ஸ்கூல் பொண்ணுங்க மேட்ச், அஞ்சாவது செட், 15 பாயின்ட் செட்ல 13-13. என் செட்டர், அதாவது அடிக்கிறவங்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்குற பொண்ணு, அன்னைக்கு முழுக்க பிரமாதமா ஆடிட்டு இருந்தா, பாஸ் நல்லா வந்தா நடுவுல தாழ்வா வேகமா ஒரு குயிக், இழுத்துட்டுப் போனா லெஃப்ட்டுக்கு உயரமா, எதிர் பிளாக்கர்ங்க எங்க குதிக்கிறதுன்னே தெரியாம திண்டாடிட்டு இருந்தாங்க. எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு, டைம் அவுட் எடுத்தேன். வாலிபால் டைம் அவுட் 30 செகண்ட். அந்த 30 செகண்ட்ல நான் சொன்னது இவ்ளோ: அவங்க நாலாம் நம்பர் குள்ளமா இருக்கா அவ பக்கம் கொடு, நடுவுல ரொம்பக் கொடுக்காத அவங்க படிச்சுட்டாங்க, பாஸ் கிட்ட வந்தா ரெண்டாவது டச்லயே தள்ளிடு, டபுள் டச் ஆகாம விரலை நல்லா விரிச்சு வை, டென்ஷன் ஆகாத. கடைசியா சொன்னதுதான் உச்சம், டென்ஷன்ல கத்திக்கிட்டே டென்ஷன் ஆகாதன்னேன்.

அடுத்த பாயின்ட். பாஸ் தலைக்கு மேல தேங்கா மாதிரி நின்னு வருது, அன்னைக்கு வந்ததுலயே நல்ல பாஸ் அதுதான். அவ கையைத் தூக்குறா, ஒரு கண் சிமிட்டுற நேரம் விரலைப் பாக்குறா, நான் ஓரத்துல இருந்தே பாத்தேன், பந்து ஒரு கையில முன்னாடியும் இன்னொரு கையில பின்னாடியும் பட்டு விசில். டபுள் டச். அடுத்த பந்து சர்வீஸ் ரிசீவ் கெட்டு மேட்ச் போச்சு. பஸ்ல வரும்போது அவகிட்ட உக்காந்து என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன், அழுதுட்டு இருந்தவ கண்ணைத் துடைச்சுட்டுச் சொன்னா: 'சார், நீங்க விரல்னு சொன்னதும் எனக்கு விரல் மட்டும்தான் சார் தெரிஞ்சுது.'

அந்த மேட்சை அந்தப் பொண்ணு தோக்கலைங்க, நான் தோத்தேன். கோல்ஃப் ஆடுறவங்களை வெச்சு பெய்லாக்ங்குற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் பண்ணின சோதனைகளைப் பத்திப் பின்னாடி படிச்சேன், கத்துக்குட்டிக்கு கையைக் கவனிச்சு மெதுவா ஆடினா நல்லா வருது, தேர்ந்தவங்களுக்கு அதே கவனிப்பு வினையாயிருது, அவங்களைச் சீக்கிரம் அடிங்கன்னு விட்டா இன்னும் நல்லா அடிக்கிறாங்க. மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை முன்னாடி வெக்கிறோம்னு யோசிச்சுப் பாருங்க, தடுக்கும். அதுக்கப்புறம் என் டைம் அவுட்ல ஒரே ஒரு வாக்கியம்தான். சில நேரம் அதுவும் கிடையாது, தண்ணி குடிங்கம்மான்னு சொல்லிட்டு நிப்பேன். பேரன்ட்ஸ் 'சார் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறார்'னு ஸ்கூல்ல கம்ப்ளைன்ட் பண்ணினாங்க, அது தனிக் கதை.

இங்கதான் உங்க தலைப்பு விஷயத்துக்கு வர்றேன். வெளிய இருந்து வர்ற பயம் உள்ள போய் கையைப் பிடிக்குது. பெனால்டிக்கு நிக்கிற கோல்கீப்பரைப் பாருங்க. 11 மீட்டர்ல இருந்து உதை வருது, பந்து போற திசையைப் பாத்துட்டுப் பாய நேரம் கிடையாது, அதனால முன்னாடியே ஒரு பக்கம் முடிவு பண்ணித்தான் ஆகணும். பார்-எலியும் அவர் கூட்டாளிகளும் 286 பெனால்டியை எடுத்துப் பாத்து 2007-ல எழுதினாங்க. கீப்பர்கள் நூத்துக்கு 94 தடவை இடமோ வலமோ பாயுறாங்க, நடுவுல நிக்கிறது 6 தடவைதான். ஆனா நடுவுல நின்னப்போதான் தடுத்த விகிதம் அதிகம், மூணுல ஒண்ணு, பாஞ்சா ஏழுல ஒண்ணுகூடத் தேறல. அப்புறம் ஏன் நிக்க மாட்டேங்குறாங்க? பாஞ்சு விட்டா 'முயற்சி பண்ணினான்'னு விட்டுருவோம், நின்னு விட்டா 'மரம் மாதிரி நின்னான்'னு எழுதுவோம். எழுதுறது யாரு சார்? நாமதான். நீங்க எழுதுறீங்க, நாங்க படிச்சுட்டு டீக்கு நடுவுல திட்டுறோம். எல்லாரும் நடுவுலயே நின்னா உதைக்கிறவனும் நடுவுலயே உதைப்பான், அப்போ கணக்கு மாறும், அது எனக்கும் புரியுது. ஆனா 100-க்கு 6-ங்குறது ரொம்பக் கம்மி, அதுல பாதி பயம்னுதான் எனக்குப் படுது.

நிதானமா யோசிக்க நேரம் கொடுத்தாலும் இதே பயம் வேலை பண்ணுது. கிரிக்கெட்ல ரிவியூ, அதாவது அம்பயர் முடிவை வீடியோல மறுபடி பாக்கச் சொல்லிக் கேக்க 15 செகண்ட். 2019 ஹெடிங்லி டெஸ்ட், இங்கிலாந்தோட ஸ்டோக்ஸ் தனியாளா 359-ஐத் துரத்திட்டு இருக்கார், கூட நிக்கிறது கடைசி ஆள் லீச். கம்மின்ஸ் பந்து லீச் கால்ல பட்டுச்சு, லெக் ஸ்டம்புக்கு வெளிய பிட்ச் ஆன பந்து, எல்பிடபிள்யூ ஆகவே ஆகாது, ஆனாலும் ஆஸ்திரேலியா இருந்த கடைசி ரிவியூவையும் கேட்டுத் தொலைச்சாங்க. கொஞ்ச நேரத்துல லயன் பந்து ஸ்டோக்ஸ் கால்ல, அம்பயர் இல்லைன்னுட்டார், ரிவியூ இருந்திருந்தா அவுட், கையில இல்ல. இங்கிலாந்து ஒரு விக்கெட்ல ஜெயிச்சிருச்சு. 15 செகண்ட்ங்குறது ஆற அமர யோசிக்கவும் போதாது, தோணினதை மட்டும் நம்பிப் போகவும் விடாது, சுத்தி பத்துப் பேர் கேளு கேளுங்கறாங்க, கேக்காம விட்டு அது அவுட்டா இருந்தா நாளைக்கு என்ன எழுதுவாங்களோன்னு ஓடும். அன்னைக்கு ஆஸ்திரேலியா கேப்டனா இருந்த டிம் பெய்ன் மேல எனக்குக் கோவமே வரல. என் 30 செகண்ட் ஞாபகம் வந்துச்சு.

அதனால நான் உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. முடிவைத் திட்டவே கூடாதுன்னு சொல்லல, கண்டிப்பா திட்டுங்க, முட்டாள்தனமான முடிவும் தினம் நடக்குது, ஜெயிச்ச முடிவுலயும் நிறைய முட்டாள்தனம் இருக்கு, அதை யாருமே எழுதுறதில்ல. கட்டுரைக்கு நடுவுல ஒரு சின்ன பாக்ஸ் போடுங்க, அந்தப் பந்து போடுறதுக்கு முன்னாடி கேப்டனுக்கு என்னென்ன தெரியும், யாருக்கு எத்தனை ஓவர் பாக்கி, நிக்கிற பேட்ஸ்மேன் யாரை எப்படி அடிச்சிருக்கார், காத்து எந்தப் பக்கம், அவ்ளோதான். முடிஞ்சா உங்க நிருபரை அந்த பாக்ஸை மட்டும் ஓவர் ஆரம்பிக்கும்போதே எழுதி அனுப்பிடச் சொல்லுங்க, ரிசல்ட் தெரியறதுக்கு முன்னாடி. அதைப் படிச்சுட்டு நாங்களே சொல்லிக்கிறோம் அது புத்தியா புத்தியில்லாததான்னு.

கடிதம் நீளமாயிருச்சு, தெரியும், நீங்க வெட்டித்தான் போடுவீங்க. செஸ்ஸை வெட்டிக்கோங்க, ஹர்டில்ஸை வெட்டிக்கோங்க, தோனி கிளவுஸ் கழட்டினதையும் அந்தப் பொண்ணு பஸ்ல சொன்னதையும் மட்டும் வெட்டாதீங்க.

இப்படிக்கு,
முட்டி போன ஒரு பழைய வாலிபால் கோச்